ஒன்பதாவது ஆள்

எங்கள் வீட்டிலிருந்து முதன்முதலாக மெட்ராஸுக்குப் போய் இன்ஜினியரிங் படித்தவள் அக்கா. எண்பதுகளின் தொடக்கம் அது. எங்கள் ஊரான அடி அண்ணாமலையில் கம்ப்யூட்டர் என்ற சொல்லையே அவள் வாயிலிருந்துதான் கேட்டோம். அதைக் கண்ணாடி அறைக்குள் வைத்திருப்பார்களாம், மாணவர்கள் தொடக்கூடாதாம், செய்ய வேண்டியதைத் தாளில் எழுதிக் கொடுத்தால் ஒரு வாரம் கழித்துப் பதில் வருமாம். கோயிலில் வேண்டுதல் சீட்டு எழுதிக் கட்டிவிட்டுக் காத்திருப்பது போல என்று, ஆறாம் வகுப்புக்காரியான நான் புரிந்துகொண்டேன்.

அந்தப் பொங்கல் விடுமுறைக்கு அக்கா முகம் வாடி வந்தாள். எட்டு எண்களைச் சிறிதிலிருந்து பெரிதாக அடுக்கும்படி பாஸ்கல் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுத வேண்டும். முதல் முறை, முழு எண்ணுக்கென்று சொல்லி வைத்த இடத்தில் நாற்பத்திரண்டரையை வைத்துவிட்டாள், கம்ப்யூட்டர் திருப்பி அனுப்பிவிட்டது. இரண்டாம் முறையும் தப்பு என்றுதான் வந்தது. எங்கே தப்பு என்று அது சொல்லவில்லை. மூன்றாவது முறைதான் கடைசி. அதிலும் தவறினால் பரீட்சைக்கு விடமாட்டார்கள், ஸ்காலர்ஷிப்பும் போய்விடும்.

இரண்டு நாள் தாளையே வெறித்துக்கொண்டிருந்தவள், மூன்றாம் நாள் தெருவில் இறங்கிக் குச்சியால் எட்டு வட்டம் கீறினாள். தெருப்பிள்ளைகள் எட்டுப் பேரை நிறுத்தி ஆளுக்கொரு சிலேட்டு கொடுத்து, தோன்றிய எண்ணை எழுதச் சொன்னாள். ஒருவரிடம் ஒரு சிலேட்டுதான் இருக்கலாம். பக்கத்துப் பக்கத்து ஆள்களின் எண்ணைப் பார்க்க வேண்டும். முன்னது பெரிதாயிருந்தால் மாற்ற வேண்டும். மாற்றும்போது ஒரு சிலேட்டைக் கொஞ்ச நேரம் வாங்கி வைத்துக்கொள்ளத் தனியாக ஓர் ஆள் தேவை. அது நான். எனக்கு மட்டும் வட்டம் இல்லாதது பெரிய அவமானமாக இருந்தது.

கடைசியில் நின்ற பொடியன் எண்ணுக்குப் பதிலாகத் தன் பெயரை எழுதியிருந்தான். அக்கா அவனைக் கண்டிப்பாக வெளியேற்றினாள்.

“நம்பருக்குனு சொன்ன எடத்துல நம்பர்தான் இருக்கணும். பேரு வெச்சா பாஸ்கல் உள்ளயே உடாது.”

அவன் அழுதுகொண்டே போனான். ஆள் ஒன்று குறைந்தது.

பெரியப்பா வந்து வரிசையின் கடைசியில், வட்டத்துக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அக்காவை மெட்ராஸ் அனுப்பியதில் அவருக்குத் துளியும் சம்மதமில்லை.

“இன்னாடா இது, மெட்ராஸுக்குப் போயி தெருவுல ஆட்டம் ஆடக் கத்துக்கினு வந்துகீறா?”

பஸ் கண்டக்டரான அப்பா அப்போதுதான் டூட்டி முடிந்து வந்தார். பெரியப்பாவைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். பையைத் திண்ணையோரம் வைத்துவிட்டுக் காக்கிச் சட்டையோடு போய் எட்டாவது வட்டத்துக்குள் நின்றார்.

“நான் இன்னா நம்பர் எழுதணும், சொல்லும்மா.”

அக்கா தாளைப் பார்த்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். ஒன்றும் இரண்டும். இரண்டும் மூன்றும். நான் சிலேட்டுகளை வாங்குவதும் கொடுப்பதுமாக ஓடினேன். ஏழும் எட்டும் முடிந்தது. குனிந்த தலை நிமிராமல் அவள் அடுத்ததையும் படித்தாள்.

“எட்டும் ஒம்போதும்.”

நான் அப்பாவைத் தாண்டிப் பார்த்தேன்.

“அக்கா, ஒம்போதாவது ஆளு யாரு? பெரியப்பாவா?”

தெருவே சிரித்தது. பெரியப்பா இரண்டடி பின்னால் நகர்ந்தார். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. தாளைப் பார்த்தாள், வட்டங்களைப் பார்த்தாள், “ஏழும் எட்டும் முடிஞ்சதும் நிறுத்தணும்டி!” என்று கத்தியபடி என்னைத் தூக்கிச் சுற்றினாள். எட்டே இடம் ஒதுக்கிவிட்டு, இல்லாத ஒன்பதாவதைத் தேடிப் போகச் சொல்லியிருக்கிறாள். அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் பெரியப்பா பக்கம் திரும்பி, “பாத்தியா அண்ணா?” என்றார்.

மாசிக்குள் அக்காவின் கடிதம் வந்தது. மூன்றாவது முறை எட்டு எண்களும் வரிசையாக அச்சாகி வந்துவிட்டனவாம். சார் அந்தத் தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, வகுப்பு முழுக்கக் கேட்கும்படி, “இத வீட்ல யாரு எழுதிக் குடுத்தது?” என்று கேட்டாராம். “எழுதினது நான் சார். தப்பக் கண்டுபிடிச்சது என் தங்கச்சி, ஆறாவது படிக்கிறா” என்று அக்கா சொன்னாளாம்.

மெட்ராஸ் காலேஜ் சாரே என்னைப் பற்றி விசாரித்தார் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அப்பா பஸ்ஸில் கீழ்பென்னாத்தூர் வரைக்கும் சொன்னார்.

பத்து வருஷம் கழித்து, வேறொரு கல்லூரியில், நான் எழுதியதைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் என்னிடமும் அதே கேள்வியைக் கேட்டார். அவர் குரலிலிருந்த சந்தேகம் காதில் விழுந்த பிறகுதான், அன்று அக்காவை என்ன கேட்டார்கள் என்பதே எனக்குப் புரிந்தது.