சங்குக்குக் கட்டுப்பட்ட அலைவரிசை

என் வேலை என்னவென்று அம்மாவுக்கு விளங்கப்படுத்த நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. ட்ரோன் பறக்க வானம் மட்டும் போதாது, கீழே நிற்பவர் அதோடு பேச ஓர் அலைவரிசை வேண்டும், அந்த அலைவரிசையில் வேறு யாரும் குறுக்கே பேசாதபடி திட்டம் போடுவதுதான் என் வேலை என்றேன். அம்மா பிள்ளைக்காம்பராவில் ஆயா. தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் விட்டுப்போகும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவர். "அப்ப நீயும் என்னைய மாதிரிதான், சத்தம் போடாம பாத்துக்கிறவ" என்றார். நான் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன்.

மருந்து தெளிக்கும் ட்ரோன்களை வைத்திருக்கும் கம்பெனியில் எனக்கு உத்தியோகம். பொகவந்தலாவைக்கு அப்பால், நான் பிறந்த தோட்டத்திலேயே கம்பெனிக்கு வேலை கிடைத்தது. என்னை அனுப்பினார்கள். சந்தோஷமாகத்தான் போனேன், பொய் சொல்ல மாட்டேன். மருந்துத் தொட்டியை முதுகில் சுமந்து சுமந்தே நெஞ்சு கெட்டுப்போனவர் என் அப்பா. இனி எந்த முதுகிலும் அந்தத் தொட்டி ஏறாது என்று நம்பினேன். அந்த நம்பிக்கையை நினைத்தால் இப்போது எனக்கே எரிச்சல் வருகிறது.

எங்கள் பள்ளத்தாக்கில் போனுக்கு சிக்னல் கிடையாது. சிக்னல் வேண்டுமென்றால் பஸ் ரோடு வரைக்கும் ஏற வேண்டும். அதனால் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துச் சனங்கள் ஒன்றுசேர்ந்து, பஜாரில் போன் கடை வைத்திருக்கும் நானாவைப் பிடித்து, கோயில் கூரையில் ஓர் அன்டெனா வைத்திருந்தார்கள். டவுனிலிருந்து இன்டர்நெட் அதற்கு வரும். கொழும்புக் கடைகளில் நிற்கும் புருஷன்மார், வெளிநாட்டு வீடுகளில் வேலை செய்யும் பெண்கள் எல்லோருடைய குரலும் லயத்துக்கு வந்தது அந்தக் கூரை வழியாகத்தான். குவைத்திலிருக்கும் என் அக்காவின் குரலும் அப்படித்தான் வந்தது. நான் கெம்பஸ் படிப்பை முடிக்க வேண்டும் என்பதற்காகத்தான் அக்கா போனாள். அங்கே அவளுடைய மேடம் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவர வெளியே போகும் நேரத்தில் மட்டுமே போனைத் தொடலாம். இங்கே அது காலை பத்து மணித் தேத்தண்ணி நேரம். அம்மா கோயில் படியில் வந்து உட்காருவார். அவ்வளவுதான் அவர்கள் இருவருக்கும் ஒரு நாளில் கிடைத்தது.

அலைகளை அளந்து பார்த்ததும் சிக்கல் தெரிந்துவிட்டது. கோயில் அன்டெனாவும் ட்ரோனும் ஒரே அலைவரிசைக்காரர்கள். ட்ரோனில் இருந்த இன்னொரு அலைவரிசையோ ஸ்டோரிலும் லயங்களிலும் இருந்த ரவுட்டர்களால் சந்தைக்கடையாகக் கிடந்தது. ஸ்டோர் என்றால் எங்கள் பேச்சில் தேயிலைத் தொழிற்சாலை. ட்ரோன் ஓடைப் பள்ளத்தின் மேல் போகும்போது கீழே நிற்பவரின் குரல் அதற்கு மெலிந்துபோகும். பக்கத்திலோ அன்டெனா உரக்கப் பேசிக்கொண்டிருக்கும். மலை உச்சியில் ஒரு கம்பம் நட்டு, குரலை வாங்கி அனுப்பும் கருவியை அதில் வைத்தால் இரண்டு பக்கத்துக்கும் தொல்லை இல்லை. அதைத்தான் முதலில் கேட்டேன். தோட்டத்து மேனேஜர் தலையாட்டவில்லை. உச்சியில் சுற்றுலாக்காரருக்கு மரவீடுகள் வரப்போகின்றனவாம், கம்பம் நின்றால் காட்சி கெடுமாம். அவரை இன்றும் துரை என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். அதிலும் எனக்கு ஆத்திரம் உண்டு.

கம்பம் இல்லை என்றானதும் நேரத்தைப் பங்கு போட்டேன். ஸ்டோரில் காலைச் சங்கு ஊதியதும் கோயில் பூசாரி அன்டெனாவை அணைப்பார், ட்ரோன் கிளம்பும். பத்து மணிச் சங்குக்கு ட்ரோன் இறங்கும், அவர் அன்டெனாவைப் போடுவார். அதற்குப் பிறகு பறக்க வேண்டியிருந்தால் இன்னொரு சங்கு ஊத வேண்டும், அவர் மறுபடி அணைப்பார். ஸ்டோர்ச் சங்குக்கு எழும்பி, சங்குக்குச் சாப்பிட்டு, சங்குக்குக் கலைகிற சனத்துக்கு இதைவிட நம்பகமான மணிக்கூடு எது? காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் நின்று நானே சொன்னேன். தொழிற்சங்கத் தலைவர் ஒன்றுதான் கேட்டார்: "நாங்க கேட்டுக்கிறோம். தொரையும் கேட்டுக்குவாருங்களா?"

பக்கத்தில் நின்ற துரை தலையாட்டினார். மாசக்கணக்கில் ஒரு பிசகும் இல்லை. சங்கு ஊதிய கையோடு பூசாரி சுவிட்சைத் தட்டுவார். இப்படியும் அலைவரிசைத் திட்டம் போடலாம் என்று எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட வந்தது.

பிறகு ஒரு காலை மலை முழுக்க மூடுபனி. ட்ரோன் கிளம்பவே இல்லை. பத்து மணிக்குச் சங்கு ஊதியது, பூசாரி அன்டெனாவைப் போட்டார், அம்மா படியில் உட்கார்ந்தார். சற்று நேரத்தில் பனி கலைந்தது. மலை வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கு, "இன்னைக்கே முடிச்சாகணும், தூக்குங்க" என்று பைலட்டை விரட்டினார். சங்கு ஊதச் சொல்லி ஸ்டோருக்கு ஒரு வார்த்தை போகவில்லை. ஓடைக்கு மேலே ட்ரோன் காது கேளாததாகிவிட்டது. தொடர்பு அறுந்தால் கிளம்பிய இடத்துக்கு நேர்கோட்டில் திரும்புவது அதன் பழக்கம். குறுக்கே நின்ற நிழல் மரத்தில் மோதிச் சிதறியது. நல்லவேளை, கீழே ஆள் இல்லை.

ஆபீஸில் விசாரணை வைத்தார்கள். அன்டெனா போட்டிருந்தது, அதனால்தான் விழுந்தது என்றார் துரை. "சங்கு ஊதினதாலதான் போட்டாங்க. பறக்க ஊத வேண்டிய சங்கை ஊதாதது உங்க ஆளு" என்றேன். அவர் தனக்குத் தெரிந்த தமிழில் நிதானமாகச் சொன்னார்: "மிஸ், சங்கு வேலைக்காரங்களுக்கு. ட்ரோனுக்கு இல்ல."

என் கம்பெனியிலிருந்து வந்திருந்த பெரியவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம். கோயில் நிற்பதும் தோட்டத்துக் காணியில்தான் என்று சொல்லி, அந்த வாரமே அன்டெனாவைக் கழற்றினார்கள். லயத்தில் யாரும் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி ஆறியிருப்பேன். பூசாரி மட்டும் வழியில் நிறுத்தி, "நாங்க நேரம் தவறலையேங்க, மிஸ்?" என்று கேட்டார். சின்ன வயதிலிருந்து என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் அவர்.

என்னை அட்டன் பக்கம் வேறு தோட்டத்துக்கு மாற்றினார்கள். அந்தப் பள்ளத்தாக்கின் அலைவரிசை இப்போது மிகச் சுத்தம். இடையூறே இல்லாத இடம் என்று மற்றத் தோட்டங்களுக்கு அதன் வரைபடத்தைக் காட்டுகிறார்கள். வரைபடம் என்னுடையது. பத்து மணிக்குப் பிள்ளைகளை விட்டுவிட்டு பஸ் ரோட்டுக்கு ஏற அம்மாவால் முடியாது. ஆனாலும் சங்கு ஊதினால் போனை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் தேத்தண்ணி குடிக்கிறாராம்.

போன வாரம் அக்கா எனக்குப் போன் எடுத்தாள். எடுத்ததும் கேட்டாள்: "அம்மாவுக்கு என் மேல ஏதும் கோவமாடி? எப்ப அடிச்சாலும் போகவே மாட்டேங்குது."

"கோவமில்லக்கா. அங்க இப்ப சிக்னல் இல்ல."

"சிக்னலுக்குத்தானே நீ படிச்ச?"

அவள் குத்திக்காட்டவில்லை. நான் போய்ச் சரிசெய்து கொடுப்பேன் என்று நம்பித்தான் கேட்டாள்.