பைபிளில் கை வைக்காத தானியேல் அண்ணை

தானியேல் அண்ணை போய்விட்டார்...

மதிலில் ஒட்டியிருந்த மரண அறிவித்தலை எழுத்துக் கூட்டி நானே வாசித்தேன். இந்த வயதில் வாசிக்கப் பழகியதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். கடைப் பெயர், பஸ் பெயர் எல்லாம் சத்தமாக வாசித்துக்கொண்டு வந்தவன், அந்தப் பெயரில் நின்றுவிட்டேன்.

இதையும் நானே போனில் எழுதுகிறேன். மெதுவாகத்தான்... பொறுத்துக்கொள்ளுங்கள்.

அறுபதுகளில் திருகோணமலைத் துறைமுகத்தில் இருவரும் மூட்டை சுமந்தோம். நான் கத்தோலிக்கன். தொட்டதற்கெல்லாம் "அந்தோனியார் மேல சத்தியமா" என்பேன். அவர் சின்ன ஜெபக்கூட்டம் ஒன்றுக்குப் போகிறவர். சத்தியமே செய்யமாட்டார்.

"அந்தோனியாருக்கு வேற வேலை இல்லையோடா, உன்ர கதைக்கெல்லாம் பிணை நிக்க?" என்று சிரிப்பார்.

ஒருநாள் சீனி மூட்டை ஒன்று குறைந்தது. பழி என் மேல். அன்று முழுக்க நான் அவருடன்தான் நின்றேன்.

மனேஜர் பைபிளை மேசையில் வைத்தார். "கையை வைச்சுச் சொல்லு தானியேல். இவனை விடுறன்."

"இவன் எடுக்கேல்லை ஐயா. ஆனா சத்தியம் பண்ண ஏலாது. பண்ணாதை எண்டு அதுக்குள்ளதான் கிடக்கு."

"அண்ணை, ஒருக்கா வையுங்கோவன்... என்ர பிள்ளையளை நினைச்சு" என்று கெஞ்சினேன்.

அவர் கையை வைக்கவில்லை. என் வேலை போனது.

அடுத்த நாள் காலை அவர் எங்கள் வீட்டு வாசல் படலையில் நின்றார். தானும் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார்.

"என்ர சொல்லை நம்பாத இடத்தில எனக்கென்ன வேலை? நிலாவெளியில கரைவலை இழுக்க ஆள் தேடுகினம். வாறியோ?"

என் மனைவி அவருக்குத் தேத்தண்ணிகூடக் கொடுக்கவில்லை. நான் போனேன்.

அங்கேயும் அதே ஆள்தான். மீன் வியாபாரி எங்களை விட்டுவிட்டு அவரைத்தான் கேட்பான், "இது இண்டையான் மீனோ?" என்று.

"இல்லை, நேற்றையது."

விலை விழும். "வாயை மூடிக்கொண்டாவது நில்லுங்கோவன் அண்ணை!" என்பேன்.

"என்னைக் கேட்டவரெல்லோ, தம்பி..."

எண்பதுகளின் தொடக்கத்தில் ஆளுக்கொரு பக்கம் போனோம். பிறகு கண்டது குறைவு. என் மனைவியும் இப்போது இல்லை.

இன்று செத்தவீட்டில் எனக்குத் தெரிந்த முகம் ஒன்றும் இல்லை. "நீங்கள் ஆர் ஐயா? சொந்தமோ?" என்று ஒரு பிள்ளை கேட்டது.

"எனக்காகச் சாட்சி சொன்னவர்" என்றேன்.

போயிட்டு வாங்கோ அண்ணை... அந்த மூட்டையை நான் எடுக்கவில்லை என்று தெரிந்தவர் இனி ஒருவரும் இல்லை.