தொப்பிக்குள் கிடந்த மீசை

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குப் படிகக்கா என்று பேர். மாட்டின் கணையத்திலிருந்து எடுத்த ஒரு நொதியைப் படிகமாக வளர்ப்பதுதான் வேலை. புரதத்தைத் துண்டு துண்டாக வெட்டிச் செரிக்கிற நொதி அது. வேறொன்றும் கிடைக்காவிட்டால் தன்னையே வெட்டிக்கொள்ளும். அப்பேர்ப்பட்ட மகராசனை ஆடாமல் அசையாமல் உட்காரவைத்தால்தான் எக்ஸ்ரே பாய்ச்சி உருவத்தைப் பார்க்க முடியும். அதற்குத்தான் படிகம்.

படிகமோ வந்தபாடில்லை. நொதிக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுவைத்த தட்டின் குழிகளில் மாதக்கணக்காக வெறும் தூள்தான் மிஞ்சியது.

"அடுத்த வாரம் எக்ஸ்ரே மெஷின்ல நம்ம முறை. அதுக்குள்ள வரலைன்னா இதை மூட்டை கட்டிடலாம்" என்றார் தலைமை ஆய்வாளர்.

அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பெற்ற பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்ட வேலை. வீட்டிலோ பஸ் டிரைவரான கணவர் வேறு பஞ்சாயத்தில் இருந்தார். பூனை அவருடைய தொப்பிக்குள் படுத்துத் தூங்கியிருந்தது.

"ஞாயித்துக்கிழமை இந்தப் பூனை வீட்டை விட்டு வெளிய போகுது. நீ ஏன் சாப்பிடல?"

"படிகம் வரல, வெறும் தூளாவே நிக்குது. ஒரு முடியால அந்தத் தூளைத் தொட்டுப் புதுச் சொட்டுல ஒரு இழு இழுத்தா, அதைப் பிடிச்சுக்கிட்டுப் பெரிய படிகம் வளருங்க. அதுக்குப் பூனை மீசைதான் தோது. பிடுங்க மனசு வரல. தானா உதிர்ந்தாத்தான் உண்டு."

"மாட்டு நொதிக்குப் பூனை மீசையா? ஏன், உங்க ஆபீஸ்ல யாருக்கும் மீசை இல்லையா?"

மறுநாள் மாலை சட்டைப்பையிலிருந்து மடித்த டிக்கெட் ஒன்றை எடுத்து நீட்டினார். உள்ளே வெள்ளையாக ஒற்றை மீசை. சிக்னலில் தொப்பியைக் கழற்றியபோது கிடைத்ததாம். அது பறந்துவிடுமோ என்று அன்று முழுக்க ஜன்னலைச் சாத்திக்கொண்டே வண்டி ஓட்டியிருக்கிறார், வேர்க்க விறுவிறுக்க.

மறுநாள் ஆய்வுக்கூடத்தில் அவள் அந்த மீசையால் இழுத்தாள். மூன்றாம் நாள் ஒரு குழியில் மூலைகளெல்லாம் கூர்மையாக, உப்புக்கல்லைவிடச் சின்னதாகப் படிகம் ஒன்று உட்கார்ந்திருந்தது. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. எக்ஸ்ரே பாய்ச்சியதும், நல்ல படிகத்துக்கு அடையாளமான புள்ளிகள் பளிச்சென்று விழுந்தன.

சில மாதங்களில் உருவம் கணினியில் வந்தது. சுருள் சுருளாக ரிப்பன்கள், நடுவே வாய்போலப் புரதத்தைக் கவ்வும் பள்ளம். வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டினாள்.

"இத்தனூண்டு வாய்க்கா இவ்வளவு அலப்பறை?" என்றவர், படத்தைத் தம் கையாலேயே சுவரில் ஒட்டினார்.

எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் போய்விட்டன. பூனை மட்டும் போகவில்லை. வேலை முடிந்து வந்ததும் அவரே தொப்பியை நாற்காலியில் மல்லாக்க வைக்கிறார். கேட்டால், "ஸ்டாக் வேணும்ல" என்கிறார்.