மீசை உதிர்ந்த உறுமிக்காரர்

க்ர்ர்ர்ர். திரைக்குப் பின்னாலிருந்து அந்தச் சத்தம் வந்தால் புது நோயாளிகள் முகம் வெளிறிவிடும். பயப்பட வேண்டாம், முடிவெட்டும் மெஷின்தான். பிடித்திருப்பது நான். புற்றுநோய் வார்டில் இரவு வேலை. விரிப்பு மாற்றத்தான் சம்பளம், தலை மழிப்பது பார்த்துப் பார்த்துத் தானாக ஒட்டிக்கொண்டது. என்னைப் போலப் பகலிலும் தூக்கம் வராமல் புரளுகிறவர்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

சந்தனம்

காளியண்ணன் மெர்லிமா ஊர்ப் பக்கம் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுபவர். திருவிழா என்றால் உறுமி மேளக் குழுவுக்குத் தலைவர். கீமோ தொடங்கியதும் முடி கொத்துக் கொத்தாக வந்தது. பிளேடு பட்டுக் கீறினால் கிருமி புகுந்துவிடும் என்று மெஷினாலேயே எடுத்துவிட்டேன்.

வீட்டுக்குப் போனவரை அவருடைய அத்தை பார்த்திருக்கிறார். கோயில் வேண்டுதல் என்று நினைத்து, மொட்டை முழுக்கச் சந்தனத்தை அப்பிவிட்டார். மருந்தில் மெலிந்த தோல் தாங்குமா? அடுத்த முறை வந்தபோது உச்சி செக்கச்செவேல். வாசனையில்லாத கிரீமைத் தடவிக்கொண்டே, ஏன் தடுக்கவில்லை என்று கேட்டேன்.

“கேன்சர்னு சொன்னா அத்தை அழும், தம்பி. மொட்டைன்னா சிரிக்கும் லா.”

மீசை

தலைமுடி போனதைச் சட்டை செய்யாத மனுஷன், மீசை உதிர்ந்ததும் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். எங்கள் மிஸி, மலாய்க்கார நர்ஸ், மனசு கேட்காமல் தன் புருவப் பென்சிலைக் கொண்டுவந்து கொடுத்தார். அண்ணன் கண்ணாடி பார்த்து மெதுவாக வரைந்தார். ரொம்ப நேரம் பார்த்தார். துடைத்துவிட்டார்.

“இதோட போனா, உறுமி அடிக்க வந்தியா, நாடகம் ஆட வந்தியான்னு கேப்பானுங்க.”

நகம்

சிரிப்பு அதோடு நின்றது. நகங்கள் கறுத்துத் தூக்கிக்கொண்டன. உள்ளங்கையும் பாதமும் உரிந்தன. உறுமிக் குச்சியைப் பிடிக்க முடியவில்லை. திருவிழா நெருங்கவும், மருந்தே வேண்டாம், நிறுத்திவிடப் போகிறேன் என்றார். நிறுத்தினால் என்ன ஆகும் என்று இந்த வார்டில் இருக்கிற எனக்குத் தெரியும். டாக்டரிடம் கையைக் காட்டுங்கள் என்று கெஞ்சினேன். டாக்டர் மருந்தின் அளவைக் குறைத்தார். மருந்து ஏறும்போது விரல்களுக்கு ஐஸ் வைக்கச் சொன்னார். நான் நகத்தை ஒட்ட வெட்டி, கிரீம் பூசி, பருத்திக் கையுறை மாட்டிவிட்டேன். ஆனால் இந்த வருஷம் குச்சியைத் தொடக்கூடாது என்று மிஸி கறாராகச் சொல்லிவிட்டார். அண்ணன் பையைத் தூக்கிக்கொண்டு, அடுத்த ஊசித் தேதியைக்கூடக் கேட்காமல் வீட்டுக்குப் போனார். திரும்பி வருவாரா என்றே சந்தேகமாக இருந்தது.

திருவிழா முடிந்த வாரம், நான் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்த கட்டிலில், “நகருடா தம்பி” என்று வந்து உட்கார்ந்தார். குச்சியைக் குழுப் பையன்களிடம் கொடுத்துவிட்டு, கையுறையும் தடித்த காலுறையுமாக, மீசையில்லாத முகத்தோடு ஊர்வலத்தின் முன்னால் நடந்தாராம். அடுத்த ஊசிக்குச் சட்டைக் கையை மடித்துக்கொண்டே சொன்னார்:

“மீசை இல்லாட்டி பையனுங்க பயப்பட மாட்டானுங்கன்னு நெனச்சேன். தாளம் தப்புனப்ப சும்மா திரும்பிப் பார்த்தேன். அதுவே போதும் லா.”

இந்த வேலையில் பதவி உயர்வு கிடையாது, இப்படிப்பட்டவர்கள் “நகருடா தம்பி” என்று அதட்டினால் நகர்ந்து நிற்கும் பெருமை மட்டும் உண்டு.

பக்கத்துக் கட்டிலுக்குப் போய், அங்கே விரிப்பை இழுத்துச் செருகினேன்.