கெரினின் பாதிக் கல்லறை

கெரினை நல்லவள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. பல வருடம் பக்கத்து வீட்டில் இருந்தவன் நான். ஆனால் ஜெர்மனியின் வடகடலில் இருக்கும் எங்கள் அம்ரும் தீவில் அவளைப்போலப் பிடிவாதமாகக் கணவனை விடாமல் வைத்துக்கொண்டவர் யாருமில்லை.

அவள் கணவன் நாமென் போன மீன்பிடிப் படகு திரும்பவில்லை. சில வாரம் கழித்து, மீன்கள் தின்றதுபோக அடையாளம் எதுவும் மிஞ்சாத ஓர் உடல் கரையொதுங்கியது. பெயரில்லாதவர்களின் மயானத்தில், தேதி மட்டும் எழுதிய மரச்சிலுவையின் கீழ் புதைத்தோம். மறுநாளே கெரின் அங்கே ஒரு செடி நட்டாள். அதே படகில் போன ரூர்டின் மனைவி மாரெட்டும் ஒரு செடியோடு வந்து நின்றாள்.

"எங்க வீட்டுக்காரர் உயரம். குழி எவ்வளவு நீளம் பாருடி," என்றாள் மாரெட்.

"எல்லாருக்கும் ஒரே நீளந்தாம்மா வெட்டுறேன்," என்றார் குழிவெட்டி.

இருவரும் பாதிரியாரிடம் போனார்கள். "பேர் தெரியாதவர்னு ஜெபம் பண்ணியாச்சு. இப்போ ரெண்டு பேரைச் சொன்னா ஆண்டவரே குழம்பிடுவாரும்மா."

கடைசியில் தலைப்பக்கம் கெரினுக்கு, கால்பக்கம் மாரெட்டுக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். ஞாயிறுதோறும் கெரின் தலைமாட்டில் உட்கார்ந்து, கூரை ஒழுகுவதற்காக அவனைத் திட்டுவாள். இல்லாத ஒருவனோடு சண்டை போட முடியாது என்றுதான் நான் படித்த புத்தகங்கள் சொல்லின.

ஆறாம் வருடம் ஒரு டேனிஷ் படகோட்டி எங்கள் துறைக்கு வந்தான். டென்மார்க்கின் எஸ்பியர் துறைமுகத்தில் அவனும் சேர்ந்து தூக்கிப் புதைத்த ஒரு பிணத்தின் கையில் ஒரு கலங்கரை விளக்கமும் 'கெரின்' என்ற பெயரும் பச்சை குத்தியிருந்ததாம். அந்தக் கலங்கரை விளக்கம் எங்களுடையது என்பது இங்கே நேரில் பார்த்ததும்தான் அவனுக்குத் தெரிந்தது.

மாரெட் சும்மா இருப்பாளா? "உன் ஆளு அங்கே இருக்கான். தலைப்பக்கமும் இனிமே எனக்குத்தான். செடியைப் பிடுங்கிக்கோ."

"நேர்ல பார்த்துட்டு வரேன். அதுவரைக்கும் கை வைக்காதே."

துணைக்கு நானும் போனேன். எஸ்பியரில் அந்தக் கல்லறை பளிச்சென்று இருந்தது. கடலில் கணவனைத் தொலைத்த ஒருத்தி, அது தன் கணவன்தான் என்று நம்பி, மண்டியிட்டுக் களை பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

"யாரோ கெரினாம். கையில குத்தி வச்சிருக்கார்," என்று எங்களிடம் முறையிட்டாள். "எத்தனையோ தடவை கேட்டுட்டேன். மனுஷன் வாயே திறக்க மாட்டேங்கிறார்."

கெரினும் குனிந்து ஒரு களையைப் பிடுங்கினாள்.

"அந்தக் கெரின் செத்துப்போயிட்டா. மனசுல வச்சுக்காதீங்க. அவரை மன்னிச்சு விட்டுடுங்க."

திரும்பும் படகில் கேட்டேன். "மாரெட்கிட்ட என்ன சொல்லப்போறே?"

"அது வேற ஆளுன்னு சொல்லுவேன். நாமென் ஒரு நாளாவது அவ்வளவு சுத்தமா இருந்திருக்கானா?"