அத்தை கொண்டுவந்த டீ

எங்கள் காட்டில் காலையிலேயே போர்வெல் போடும் ரிக் வண்டி ஓடத் தொடங்கிவிட்டது. சூடேறிய கல்லும் டீசலும் கலந்த அந்த வாடை அடுப்படி வரை வந்தது. நான் சிறுமியாக இருந்தபோது, ராசிபுரம் பக்கத்துக் காட்டில் அப்பா போர் போட்ட நாளிலும் இதே வாடைதான்.

அன்று நீரோட்டம் பார்ப்பவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நடந்தார். அது நிமிர்ந்து நின்ற இடத்தில் துளை போட்டார்கள். பொழுது சாயும்வரை வெள்ளைப் புழுதிதான் பறந்தது. தேங்காய் பொய்த்துவிட்டதென்று ஒருவர்கூடச் சொல்லவில்லை.

"காலைல இந்தப் பக்கம் ஆரு வந்தது?" என்றார் நீரோட்டம் பார்த்தவர்.

புருஷன் செத்தபின் எங்களோடு இருந்த அத்தைதான் ரிக் ஆட்களுக்கு டீ கொண்டுவந்திருந்தாள். எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "பெரியப்பா காட்டுல தண்ணி வந்தன்னிக்கும் அத்தைதானுங்க டீ கொண்டாந்தாங்க. அந்தத் தண்ணி ஆராலங்க வந்துச்சு?"

அப்பா என்னை அறைந்துவிட்டு, "பொட்டப்புள்ளைக்கு இத்தன வாயா?" என்றார். அத்தை சாகும்வரை எந்த நல்ல காரியத்துக்கும் முன்னால் வந்து நின்றதில்லை.

இன்று டீத் தூக்கோடு நான் வாசல்படி இறங்கினேன். இன்ஜினீயரிங் படித்த என் மகன் ஓடிவந்து தூக்கை வாங்கிக்கொண்டான். "தண்ணி வர்ற வரைக்கும் நீங்க ஊட்டுக்குள்ளயே இருங்கம்மா." அவன் அப்பா போய்ச் சேர்ந்து இன்னும் வருஷம் திரும்பவில்லை.

"நீ இதையெல்லாம் நம்பறயா சாமி?"

"நம்பறதெல்லாம் இல்லீங்கம்மா. எதுக்கு வம்புன்னுதான்."

என் அப்பாவாவது நம்பித்தான் அடித்தார்.