மாசி போட்ட சம்பல்

மாசிக் கருவாடு இடித்துப் போட்ட சம்பல் என்று தெரிந்தேதான் தின்றேன். எனக்குத் தெரியாமல் கொடுத்துவிட்டார்கள் என்று வீட்டில் பொய் சொன்னேன். சிவக்க அரைத்த தேங்காயும் எலுமிச்சையும் புகைவாசம் கொண்ட அந்தக் கருவாடும் சேர்ந்த மணம் இப்போதும் நாக்கில் ஊறுகிறது.

கொச்சியில், மட்டாஞ்சேரி கொச்சங்காடியில், மிளகுக் கிடங்குக்குப் பின்னால் சைவக் குடும்பங்களின் தெருவில் நாங்கள் இருந்தோம். பக்கத்து வீட்டுக்கு இலங்கையிலிருந்து திரும்பிய செல்வமணி அக்கா குடிவந்தார். புதிதாகக் கல்யாணமானவர். காலையில் இடியாப்பமும் 'சொதி' என்ற தேங்காய்ப்பால் குழம்பும் செய்து தெருவுக்கு விற்பார். விசேஷ நாளில் தேங்காய்ப்பாலில் வேகவைத்த பாற்சோற்றைக் கட்டியாக்கித் துண்டு வெட்டிக் கொடுப்பார். சம்பல் மட்டும் அவர்கள் வீட்டுக்கு. "மாசி போட்டிருக்கு தம்பி, தொடாதே. உங்க வீட்டுல ஏசுவாங்க" என்று ஒவ்வொரு முறையும் தடுப்பார். அவர் உள்ளே போனதும் நான் விரலால் வழித்துத் தின்பேன்.

ஒருநாள் அம்மா என் கையை மோந்து பார்த்துவிட்டாள். அடிக்குப் பயந்து, "அக்காதான் தந்தாங்க, வெறும் தேங்காய்னு சொன்னாங்க" என்றேன். அக்காவை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் முதல் தெருவில் ஒருவரும் இடியாப்பம் வாங்கவில்லை. சில வாரங்களில் அவர்கள் கொச்சியிலேயே சுள்ளிக்கல் பக்கம் குடிபோய்விட்டார்கள்.

சென்ற ஓணத்துக்கு வீட்டில் எல்லோரும் கூடியிருந்தோம். இலங்கைக்குச் சுற்றுலா போகவிருந்த என் மருமகள் அங்கே என்னென்ன சாப்பிடலாம் என்று கேட்க, நான் சொதி, பாற்சோறு என்று அடுக்கினேன். என் அக்கா சரசு குறுக்கே புகுந்தாள். "பார்த்துச் சாப்பிடு மோளே. ஒரு சிலோன்காரி இவனுக்கே ஏமாத்தி மீனு கொடுத்தவளாக்கும்."

அத்தனை பேர் முன்னால் உண்மையைச் சொன்னேன். சரசு சாயாக் கோப்பையைக் கீழே வைத்தாள். "நானல்லவா அதைத் தெரு முழுக்கச் சொன்னேன்" என்றாள்.

விசாரித்துக்கொண்டு இருவரும் சுள்ளிக்கல் போனோம். செல்வமணி அக்கா தன் மகள் வீட்டில் இருந்தார். காது சற்று மந்தம். அதனால் மன்னிப்பை உரக்கக் கேட்க வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள்.

"நீ சின்னப் பிள்ளை, பயந்துட்டே. அது அப்பவே தெரியும்" என்றவர் சரசுவைப் பார்த்தார். "நீ பெரிய பிள்ளைதானே? ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாமே."

சரசு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் விலக்கவில்லை.

மருமகளுக்குக் கொழும்பில் எதை எங்கே தின்ன வேண்டும் என்று செல்வமணி அக்காவே போனில் சொல்லி அனுப்பினார். நாங்கள் இருந்த கொச்சங்காடி வீட்டில் இப்போது பழம்பொருள் கடை. அந்தத் தெருவார் பலரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மிச்சமிருக்கும் ஒவ்வொருவரையும் சரசு போனில் கூப்பிட்டுப் பேசுகிறாள். நேற்று அடுத்த அறையிலிருந்து என் காதில் விழுந்தது: "அந்தச் சேச்சி ஒரு தப்பும் செய்யல்லை. எங்க தம்பிதான் மீன் கள்ளன்."